ஏறாத கோபுரம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குரல் தெளிவாகக் கேட்கிறதா? நல்லது. கனடாவில் இருப்பவர்கள் இப்போதுதான் காலை காப்பி குடித்திருப்பீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் தூங்கப் போகிற நேரம். டப்ளினில் எனக்கு மதியம் மூன்று மணி. நேற்று இரவு ட்யூட்டி முடிந்து வந்து, நாலு மணி நேரம் தூங்கிவிட்டு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சு எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்வியும் புலம்பெயர்தலும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் படித்தது நாகர்கோவில் பக்கம் செவிலியர் டிப்ளமோ. கல்வியைப் பற்றிப் பெரிய கோட்பாடு எதுவும் என்னிடம் இல்லை. அதனால் எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்றை மட்டும் பேசுகிறேன். என் மகள் பல்கலைக்கழகப் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு இத்தாலிக்குப் படிக்கப் போனாள். எராஸ்மஸ் என்று இங்கே ஐரோப்பாவில் சொல்வார்கள். உங்களில் பலருடைய வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருக்கும், அல்லது வரப்போகிறது.

2022இல் ஒரு நாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள், “மூணாவது வருஷம் பொலோனியாவுக்குப் போறேன்மா.” வரலாறும் இத்தாலிய மொழியும் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே எங்கள் சபையில் எனக்குத் துக்கம் விசாரித்தவர்கள் உண்டு. நர்ஸ் மகள் டாக்டருக்குப் படிக்காமல் வரலாறு படிக்கிறாளே என்று. இப்போது இத்தாலி வேறு.

நம் வீட்டு அம்மாக்கள் கேட்கும் கேள்விகளைத்தான் நானும் வரிசையாகக் கேட்டேன். அங்கே ஃபீஸ் எவ்வளவு? அங்கே தனியாகக் கட்ட வேண்டாம், இங்கே கட்டுவதே போதும் என்றாள். செலவுக்கு? கொஞ்சம் உதவித்தொகை தருவார்கள், மீதிக்கு நீதான் என்றாள். யாரோடு தங்குவாய்? தெரியாது என்றாள். கடைசியாகக் கேட்டேன், “ஒரு வருஷம் வீணாப் போயிடாதா?”

“வீணாகாதும்மா. அங்க எழுதற பரீட்சையை இங்க ஏத்துக்குவாங்க. அதுதான் இந்தத் திட்டமே.”

அந்தப் பதில் என்னை எங்கேயோ தொட்டது. ஏன் என்று அப்போது புரியவில்லை. சாதம் ஆறும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் சோஃபியா கொராடி என்ற இத்தாலியப் பெண்மணியைப் பற்றிப் படித்தேன். ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலையும் முடித்து, 1958இல் ஊர் திரும்பினார். அங்கே எழுதிய தேர்வுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரோமில் தன் பல்கலைக்கழக அலுவலகத்தில் போய்க் கேட்டார். அலுவலர் மறுத்துவிட்டார். வெறுமனே மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. மற்றவர்கள் முன்னால், அமெரிக்காவில் ஊர் சுற்றிவிட்டு வந்து பட்டம் கேட்கிறாயா என்ற தொனியில் பேசி அனுப்பியிருக்கிறார்.

கொராடி அதை மறக்கவில்லை. ரோமில் மிச்சமிருந்த தேர்வுகளை எழுதிப் பட்டம் வாங்கினார். பின்னால் இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் அமைப்புக்கு ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்தார். 1969இல் ஒரு குறிப்பு எழுதினார். மாணவர்கள் வேறு நாட்டில் படிக்கலாம், அங்கே படித்ததைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தக் குறிப்பைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்காக அலைந்தார். 1987இல்தான் எராஸ்மஸ் திட்டம் வந்தது. பதினெட்டு ஆண்டுகள். முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். அந்தப் பதினொன்றில் அயர்லாந்தும் ஒன்று. இன்றுவரை போய்வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். இத்தாலியில் கொராடியை ‘எராஸ்மஸ் அம்மா’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு அலுவலக மேசைக்கு முன்னால் பட்ட அவமானத்திலிருந்து இத்தனையும் வந்திருக்கிறது. அந்த மேசைக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியமானது.

நான் 1998இல் டிப்ளமோ முடித்தேன். ஊரில் இரண்டு வருடம், சவூதியில் மூன்று வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. 2005இல் அயர்லாந்து வந்தேன். இந்த நாட்டில் 2002லிருந்து செவிலியர் படிப்பு என்றால் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. நான் டிப்ளமோவோடு வந்து இறங்கினேன். முதலில் சில வாரங்கள் மேற்பார்வையில் வேலை செய்து காட்ட வேண்டும். வென்டிலேட்டர் நோயாளிகளை இரவிரவாகப் பார்த்துக்கொண்டவள், பிரஷர் எப்படிப் பார்க்கிறேன் என்று ஒருவருக்குச் செய்து காட்டினேன். அது விதி, நோயாளியின் பாதுகாப்புக்காக என்று இன்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. அன்று ஓய்வறையில் போய் அழுதேன்.

பின்னால் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது, நேர்காணலில் ஒருவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, “ஓ, டிப்ளமோதான்” என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ‘தான்’ பல வருடம் என்னோடு வீட்டுக்கு வந்தது. பட்டப்படிப்பு படிக்கச் சொல்லித் தோழிகள் சொன்னார்கள். வீட்டுக்கடன், மகளின் படிப்பு, ஊரில் அம்மாவின் மருத்துவச் செலவு என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். உண்மையான காரணம் வேறு. மறுபடி ஒரு மேசை முன்னால் போய் நின்று என் படிப்பை யாராவது எடைபோடுவதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

இதெல்லாம் மனதில் இருந்ததால்தான், ‘அங்கே எழுதுவதை இங்கே ஏற்றுக்கொள்வார்கள்’ என்று மகள் சாதாரணமாகச் சொன்னது என்னைத் தொட்டிருக்கிறது.

எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான புள்ளிக் கணக்கு இருக்கிறது. ஒரு கல்வியாண்டுக்கு 60 புள்ளிகள். என்ன பாடம் படிப்பேன், அதற்கு எத்தனை புள்ளி என்று போவதற்கு முன்பே ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். மாணவி, அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒப்பந்தத்தில் இருப்பதைப் படித்துத் தேறிவிட்டால் திரும்பி வந்து யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. கொராடி கேட்டது இவ்வளவுதான்.

திட்டத்தின் பெயர் நீளமான ஓர் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். ஆனால் பெயர் வைத்தவர்கள் ரோட்டர்டாமின் எராஸ்மஸை நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த இலக்கியக் கூட்டத்தில் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு பாதிரியாருக்கு முறைப்படி இல்லாமல் பிறந்தவர். பாரிசில் படித்தார். அங்கே விடுதியில் கூழ்முட்டை போட்டதைப் பல வருடம் கழித்தும் எழுத்தில் குத்திக்காட்டியவர். ஹாஸ்டல் சாப்பாட்டை மன்னிக்காதவர் யாரோ அவர் நம் ஆள்! இங்கிலாந்து, இத்தாலி, பெல்ஜியத்தின் லூவன், சுவிட்சர்லாந்தின் பாசல் என்று சுற்றி, 1536இல் பாசலில் இறந்தார். 1506இல் பொலோனியாவில்தான் இருந்தார். போப் இரண்டாம் ஜூலியஸ் வெற்றி வீரரைப் போல அந்த நகரத்துக்குள் நுழைந்ததைக் கண்ணால் பார்த்து முகம் சுளித்தவர்.

எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்தவர் அவர். லூத்தர் ஜெர்மனில் மொழிபெயர்க்க அதன் இரண்டாம் பதிப்பைத்தான் வைத்துக்கொண்டார். லூத்தர் வழிவந்த சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். ஊர் ஊராகப் போய்ப் படித்த ஒருவருடைய உழைப்பு, எங்கள் வீட்டு மேசையில் பாட்டி வைத்திருந்த வேதப்புத்தகம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, பொலோனியாவுக்கு வருவோம். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான். 1088ஐத் தொடக்க ஆண்டாகச் சொல்கிறார்கள். தூர தேசங்களிலிருந்து மாணவர்கள் வந்து குவிந்த ஊர். அந்தக் காலத்தில் வெளியூர் மாணவனுக்கு ஓர் ஆபத்து இருந்தது. அவனுடைய ஊர்க்காரன் எவனாவது கடன் வாங்கிவிட்டு ஓடிப்போயிருந்தால், கடன் கொடுத்தவன் இந்த மாணவனைப் பிடித்துக்கொள்ளலாம். பேரரசர் முதலாம் ஃபிரெடரிக் அதைத் தடுத்துச் சட்டம் போட்டார். 1158இல் அது உறுதியானது. படிக்கப் போகிறவனை அவனுடைய ஊரை வைத்து எடைபோடாதே என்று சட்டம் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் வாழும் நமக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். எவனோ ஒருவன் செய்த தப்புக்கு ‘நீங்களெல்லாம்’ என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் அல்லவா?

மகள் போய் மூன்று வாரம் அறை கிடைக்காமல் திண்டாடினாள். பொலோனியாவில் மாணவர்களுக்கு வாடகை அறை கிடைப்பது பெரும்பாடு. கடைசியில் ஸ்பெயின் பெண் ஒருத்தி, போலந்துப் பெண் ஒருத்தி, தெற்கு இத்தாலியிலிருந்து வந்த பெண் ஒருத்தி என்று நாலு பேராக ஒரு பழைய வீட்டில் தங்கினார்கள்.

இந்த நேரத்தில் நானும் கணவரும் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தோம். 2002இல் செட்ரிக் கிளாபிஷ் எடுத்த ‘லோபெர்ஜ் எஸ்பான்யோல்’. பாரிஸ் பையன் ஒருவன் எராஸ்மஸில் பார்சிலோனா போய்ப் பல நாட்டு மாணவர்களோடு ஒரே வீட்டில் இருப்பான். பார்த்ததும் எனக்குக் கவலைதான் கூடியது! அதில் ஒரு காட்சி. ஆசிரியர் கற்றலான் மொழியில் பாடம் நடத்துகிறார். வெளிநாட்டு மாணவி, ஸ்பானிய மொழியில் நடத்தக் கூடாதா என்று கேட்கிறாள். அவர் முடியாது என்கிறார். எனக்கு அந்த ஆசிரியரைப் பிடித்தது. தமிழச்சிக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அந்த மாணவி பக்கம் என் மகள் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துக்கொண்டேன்.

இத்தாலியப் பேராசிரியர் உம்பர்த்தோ எக்கோவை நாவலாசிரியராக உங்களுக்குத் தெரியும். பொலோனியாவில்தான் பல்லாண்டுகள் பாடம் நடத்தினார். எராஸ்மஸ் திட்டத்தைப் பற்றி அவர் ஒரு பேட்டியில் சொன்னதன் கருத்து இது: ஒரு நாட்டுப் பையன் இன்னொரு நாட்டுப் பெண்ணைச் சந்திக்கிறான், காதலிக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளைகள் ஐரோப்பியர்களாகப் பிறக்கிறார்கள், அப்படித்தான் ஐரோப்பா உருவாகும். இதைப் படித்ததும் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. கணவரிடம் காட்டவில்லை. சிரிக்கிறீர்கள், உங்கள் முகம் எல்லாம் திரையில் தெரிகிறது!

படிப்பு எப்படி என்று கேட்டால், தேர்வுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. இங்கே எழுதிப் பழகியவள். அங்கே பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் முன்னால் உட்கார வேண்டும், பின்னால் மற்ற மாணவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள், அவர் கேட்கக் கேட்கப் பதில் சொல்ல வேண்டும். 30க்கு மதிப்பெண், 18 வாங்கினால் தேர்ச்சி. முதல் தேர்வில் பேராசிரியர், “24 தருகிறேன், சம்மதமா?” என்று கேட்டிருக்கிறார். இவளுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை வந்து எழுதலாமாம். இவள் பயந்துபோய்ச் சம்மதம் என்றாள். எனக்கு வியப்பு தாங்கவில்லை. கொடுக்கிற மார்க்கை வேண்டாம் என்று சொல்ல ஒரு மாணவிக்கு உரிமையா! இரண்டாம் பருவத்தில் ஒரு 22ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி போய் 28 வாங்கினாள். அந்த 28ஐவிட அந்த ‘வேண்டாம்’ எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருக்கும்போது போன். “அம்மா, 39 இருக்கு.” பாராசிட்டமால் போடு, தண்ணீர் குடி, மூச்சுத் திணறுகிறதா, கழுத்தை மடக்க முடிகிறதா என்று கேள்வி கேட்கிறேன். குரல் நர்ஸ் குரல். கை நடுங்குகிறது. முப்பது பேரின் காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கிறேன், என் பிள்ளையின் நெற்றியைத் தொட முடியவில்லை. அந்தத் தெற்கு இத்தாலிப் பெண் எழுந்து, சூப்பில் பொடிப்பொடியான பாஸ்தா போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் காய்ச்சல்காரருக்கு அதுதானாம். நம் வீட்டுக் கஞ்சி மாதிரி. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்காக அன்று நான் ஜெபம் செய்தேன்.

மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் விட்டதும் மகள் பேசினாள். நான் 2005இல் அயர்லாந்து வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. ஊரில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வருடம் கழித்து நான்கு வயதில் டப்ளின் விமான நிலையத்தில் இறங்கியவள், என்னைப் பார்த்து அவள் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அன்று அவளாகக் கேட்டாள்.

“அம்மா, என்னைய விட்டுட்டு இங்க வந்தப்ப, உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? யாருமே இல்லாத மாதிரி?”

“ஆமா மக்ளே,” என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

“நீ சொன்னதே இல்லியே.”

“நீ கேட்டதே இல்லியே.”

பதினேழு வருடம் நான் சுமந்த ஒன்றை அவள் ஏற்றுக்கொண்டாள். அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் புள்ளிக் கணக்கு இல்லை.

2023 ஏப்ரலில் அவளைப் பார்க்கப் போனேன். கணவரும் மகளும் அயர்லாந்துக் குடியுரிமை வாங்கியவர்கள். நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அதனால் எனக்கு விசா வேண்டும். மகள் பஸ் ஏறுகிற மாதிரி போன ஊருக்கு அம்மா விரல்ரேகை கொடுத்துவிட்டுப் போனேன். எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கலவை இருக்கிறது, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவள் என்னைப் பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். ஆர்க்கிஜின்னாசியோ என்று பெயர். சுவரெல்லாம், கூரையெல்லாம் பழைய மாணவர்களின் குலச் சின்னங்கள். ஆறாயிரம் இருக்கும் என்கிறார்கள். பல நாடுகளிலிருந்து வந்து படித்துவிட்டுப் போனவர்கள். உள்ளே மரத்தால் ஆன உடற்கூறு அரங்கம். 1637இல் கட்டியது. 1944இல் குண்டு விழுந்து நொறுங்கியதை, கிடைத்த துண்டுகளை எடுத்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். நடுவில் சடலத்தைக் கிடத்தும் பளிங்கு மேசை. ஆசிரியரின் இருக்கைக்கு இரு பக்கமும் தோலுரித்த இரண்டு மனித உருவங்கள், மரத்தில் செதுக்கியவை. ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரிகிறது. எங்கள் செவிலியர் பள்ளியில் இருந்தது ஒரே ஓர் எலும்புக்கூடு. அதுவும் இடது கையில் இரண்டு விரல் இல்லாதது. நான் அந்தச் சிற்பங்களின் தசைகளைப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள். “உனக்கு இவ்வளவு தெரியுமா?” என்றாள்.

இன்னொரு அருங்காட்சியகத்தில் அன்னா மொராண்டி என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்ணைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், அவரே மெழுகில் செய்துவைத்த தன் உருவத்தை. பட்டுடை, நகை எல்லாம் அணிந்து உட்கார்ந்து ஒரு மண்டையோட்டைத் திறந்துகொண்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. கணவரோடு சேர்ந்து வீட்டில் உடற்கூறு கற்றவர். அவரிடம் பாடம் கேட்க ஆட்கள் வந்தார்கள். அவர் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

மறுநாள் அசினெல்லி கோபுரத்துக்குப் போனோம். 97 மீட்டர் உயரம், 498 படிகள். அடிவாரத்தில் நின்று மகள், “நான் வரல, நீ ஏறிட்டு வா” என்றாள். ஏன் என்று கேட்டேன். பட்டம் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கோபுரத்தில் ஏறுகிற மாணவருக்குப் பட்டம் கிடைக்காது என்று பொலோனியாவில் ஒரு நம்பிக்கை. ஊர் மாணவர்கள் யாரும் ஏற மாட்டார்களாம். “நீதான் படிச்சு முடிச்சுட்டியே, உனக்கென்ன?” என்றாள்.

டிக்கெட் கையில் இருந்தது. படியைப் பார்த்தேன். எனக்கு மூடநம்பிக்கை கிடையாது, சபையில் அதை எதிர்த்து பேசுகிறவள். ஆனாலும் கால் நகரவில்லை.

“நானும் ஏறல,” என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போனாள்.

முடிப்பதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இந்தத் திட்டத்தைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை. உதவித்தொகை வாடகைக்கே சரியாகப் போகிறது. நான் கூடுதல் இரவுப் பணி பார்த்துப் பணம் அனுப்பினேன். என்னோடு வேலை செய்யும் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் மகனுக்கும் அதே வாய்ப்பு இருந்தது. வார இறுதி வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது என்று அவன் போகவில்லை. வாசல் திறந்திருப்பது போதாது, அதுவரை வர பஸ் காசும் வேண்டும்.

இரண்டு, பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல். பிரிட்டன் 2020 முடிவில் எராஸ்மஸிலிருந்து வெளியேறி, டூரிங் என்று தன் திட்டத்தைக் கொண்டுவந்தது. தன் மாணவர்களை வெளியே அனுப்பப் பணம் கொடுத்தது, வருகிறவர்களுக்குக் கொடுக்கவில்லை. அனுப்புவது மட்டும் பரிமாற்றம் ஆகாது. வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடாதவர், மற்றவர் வீட்டு விருந்துக்கு எத்தனை நாள் போவார்? என் மகள் இத்தாலியில் இருந்த அந்த வருடம், எங்கள் வீட்டில் அவள் அறையில் போலோனியாவிலிருந்து வந்த ஒரு பெண் ஆறு வாரம் தங்கினாள். அவளுக்கும் அறை கிடைக்கவில்லை. புட்டும் பயறும் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்டால் ‘வருஷம் வீணாகுமா’ என்று கேளுங்கள், தப்பில்லை. ஒப்பந்தத்தை வாங்கி நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு போகவிடுங்கள். வேதாகமத்தில் அந்தக் கெட்ட குமாரனுடைய தகப்பன், பிள்ளை திரும்புவானா என்று தெரியாமலே அனுப்பினார். நம் பிள்ளைகள் திரும்பும் தேதியோடுதான் போகிறார்கள்.

மகள் 2024இல் பட்டம் வாங்கினாள். பொலோனியாவின் 60 புள்ளிகளும் அவள் சான்றிதழில் இருக்கின்றன. யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் இங்கே டிப்ளமோ செவிலியர்களுக்கான பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். விண்ணப்பத்தோடு 1998ஆம் ஆண்டின் மதிப்பெண் பட்டியலை அனுப்பினேன். ஓரம் பழுத்துப்போன தாள். முன்பு படித்ததை ஏற்றுக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தது. அதை வார்டில் நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். அடுத்த வாரம் ஒரு கட்டுரை ஒப்படைக்க வேண்டும், இன்னும் பாதிகூட எழுதவில்லை.

முடித்துவிட்டு அந்தக் கோபுரத்தில் ஏற வேண்டும். 498 படி, முட்டி தாங்குமா என்று தெரியவில்லை. மகள் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.